கரிசல் தூக்கும் வீடு

சாத்தூர் பக்கம் புதிதாக வீடு கட்டிய வாசகர் கேட்கிறார்: “ஒரு தளம்தான், மாடிகூட எடுக்கவில்லை. இரண்டாவது மழைக்கே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. பாரமே இல்லாத வீடு எப்படி இறங்கும்?”

இறங்கியிருக்கத் தேவையில்லை. கரிசல் மனை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மண் வீட்டைத் தூக்கிவிட்டதா என்பதைத்தான். பாரம் இல்லாததே அதற்கு வசதி.

கரிசலை வீங்கவைக்கும் கனிமம் மான்ட்மோரில்லோனைட். சுமார் 1 நானோமீட்டர் கனமுள்ள ஏடுகளின் அடுக்கு அது. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே மெக்னீசியம் அமர்ந்துவிடுவதால் ஏட்டில் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதைச் சரிக்கட்ட சோடியம், கால்சியம் அயனிகள் ஏடுகளுக்கு இடையே வந்து தங்குகின்றன. அவை மழைநீரை உள்ளே இழுக்க, ஏடுகள் விலகுகின்றன.

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 365 தாள்களுக்கும் நடுவே நீர் புகுந்தால் கட்டு என்னமாய்த் தடிக்கும்! மேலே செங்கல்லை வைத்தால் செங்கல் எழும்பும். அம்மிக்கல்லை வைத்தால் தாள்கள் அடங்கிக் கிடக்கும். காய்ந்தபின் தாள்கள் படியும், கட்டு பழைய நேருக்கு வராது. செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் என்ற கனிமமும் காலண்டர்தான். தாளோடு தாள் பசை போட்டு ஒட்டியது, நீர் நுழைய வழியில்லை. கரிசல் காலண்டரில் தாளுக்குக் கணக்கே கிடையாது: தூய மான்ட்மோரில்லோனைட் ஒரு கிராமைத் தாள் தாளாகப் பிரித்துப் பரப்பினால் 700 சதுர மீட்டர், அதாவது 17 சென்ட் மனை!

வீங்கும் கரிசல் சதுர மீட்டருக்கு 10 டன்னுக்கு மேல் உந்தக்கூடும். ஒரு தள வீட்டின் சுவர் அஸ்திவாரத்தின் வழியே அழுத்துவது ஏறக்குறைய 4, 5 டன். வீடு முழுக்க ஒரே சீராக எழும்பினால்கூடத் தொல்லையில்லை. நடுவீட்டுக்கு அடியில் ஈரம் தங்கிவிடும். ஓரமோ சித்திரையில் சுருங்கி, ஐப்பசியில் ஊறி எழும்பும். அந்த வளைவைத் தாங்காத சுவர் ஜன்னல் மூலையில் பிளக்கிறது.

தீர்வு புதிதல்ல. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950களிலேயே, அடியில் குமிழ்போல விரிந்த கான்கிரீட் தூண்களை உருவாக்கியது. ஈரம் ஏறி இறங்கும் மண்ணைத் தாண்டி, சுமார் 3.5 மீட்டர் ஆழத்தில் குமிழ் பிடித்துக்கொள்ளும். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி, கரிசலின் மேல் வீங்காத மண்ணைக் கெட்டித்துப் பரப்பும் முறையைக் கொடுத்தார்.

‘விரிசலே விழாது’ என்று விற்கும் பூச்சுகளை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். சுவரில் பூசுவது மண்ணுக்குள் போகும் நீரை எப்படி நிறுத்தும்? பெல்ட் கான்கிரீட் உதவும். ஆழமான அஸ்திவாரத்துக்கு அது ஈடாகாது.

மனை வாங்குமுன் செய்யக்கூடிய சோதனை மிக அழகானது. காயவைத்துச் சலித்த மண் 10 கிராம் தண்ணீரில், 10 கிராம் மண்ணெண்ணெயில், இரண்டு அளவு ஜாடிகளில் ஒரு நாள் ஊறட்டும். மண்ணெண்ணெயை அயனிகள் இழுப்பதில்லை. அங்கே மண் வீங்காது. தண்ணீர் ஜாடியில் மண்ணின் அளவு அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போனால், வானம் தோண்டுமுன் பொறியாளரைப் பாருங்கள்.

கட்டி முடித்துவிட்ட வாசகருக்கு: குளியலறை நீரைச் சுவரோரம் விடாதீர்கள், வீட்டைச் சுற்றி வெளிச்சரிவாகத் தளம் போடுங்கள், சுவரை ஒட்டி வேம்பு வைக்காதீர்கள், கோடையில் அது அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் தேதி போட்டு, அகலத்தை அளந்து குறித்துவையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் போனபிறகு அந்த அளவுகளோடு பொறியாளரிடம் போங்கள். கொத்தனாரை அதற்கப்புறம் கூப்பிடலாம்.