மூன்று பெட்டி, ஒரு மூளை

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கணினி நெட்வொர்க் முடங்கிப்போனது. வைரஸ் எதுவும் புகவில்லை, கேபிளை யாரும் வெட்டவில்லை, சர்வர்களும் நல்லபடியாகவே இருந்தன. ஆனாலும் ரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய நான்கு நாட்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள். மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியில் பேசியதால்தான் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த நெட்வொர்க் வருடக்கணக்காக ஒரு ஸ்விட்சின் வாலில் இன்னொரு ஸ்விட்ச் என்று ஒட்டுப்போட்டே வளர்ந்திருந்தது. போக்குவரத்து வட்டமடித்துச் சுற்றாமல் காக்கும் விதிமுறை எவ்வளவு நீளத்தைத் தாங்குமோ, அதைத் தாண்டி நீண்டுவிட்டது. ஒருநாள் சுமை கூடியதும் போக்குவரத்து சுற்றத் தொடங்கியது, அதன்பின் நிற்கவில்லை.

அவ்வளவு பெரிய மருத்துவமனையின் கதை நமக்கெதற்கு என்று ஒரு சிறிய நிறுவனத்தின் முதலாளி கேட்கலாம். ஆனால் அங்கே நடந்த வளர்ச்சிதான் இங்கேயும் நடக்கிறது. முதலில் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று வாங்குகிறோம். ஆள் கூடியதும் கணக்குப் பிரிவின் மேசைக்கடியில் 8 போர்ட் பெட்டி ஒன்று வருகிறது. பிறகு கேமராக்களுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. ஐந்து வருடத்தில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. இதற்கு மாற்றாகச் சந்தையில் இருப்பவை ‘ஸ்டாக்’ செய்யக்கூடிய ஸ்விட்சுகள். இரண்டு, மூன்று பெட்டிகளைத் தனிக் கேபிளால் கோத்து ஒரே ஸ்விட்சாக நடக்கச் செய்யலாம். விற்பவர்கள் இவற்றின் வேகத்தையும் பாதுகாப்பையும் முன்வைத்து விற்கிறார்கள். இரண்டுமே இதன் உண்மையான பலன் அல்ல. நெட்வொர்க்கில் தனித்தனியாக முடிவெடுக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே பலன். அந்தப் பலனிலேயே இதன் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குபவருக்குத்தான் ஸ்டாக் உதவும்.

வட்டமடிப்பது ஏன் இத்தனை கொடியது என்பதை முதலில் பார்க்கலாம். ராபர்ட் மெட்கால்ஃப் 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டை வகுத்தபோது, எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. 1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை அதன் மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பார்த்து ஸ்விட்ச் தானாகவே கற்றுக்கொள்ளும். தெரியாத முகவரிக்கு வரும் தகவலையும், எல்லோருக்குமான அறிவிப்பையும், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்பிவிடும். இணையத்தில் பயணிக்கும் ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு; ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் அது மடிந்துவிடும். ஈதர்நெட் பொட்டலத்துக்கு அப்படி ஆயுள் எதுவும் வைக்கப்படவில்லை. இரண்டு ஸ்விட்சுகளை யாரோ தெரியாமல் இரண்டு கேபிளால் இணைத்துவிட்டால், ஓர் அறிவிப்பு முடிவில்லாமல் சுற்றும். ஒரு கிகாபிட் கேபிளில் நொடிக்கு 14.88 லட்சம் சிறிய பொட்டலங்கள் போக முடியும். ஆகவே சில நொடிகளில் அந்தக் குப்பையே கேபிளை நிறைத்துவிடும். உண்மையான வேலைக்கு இடமிருக்காது.

இதைத் தடுக்க 1985-இல் ராடியா பெர்ல்மன் ‘ஸ்பானிங் ட்ரீ’ என்ற விதிமுறையை உருவாக்கினார். 1990-இல் அது 802.1டி என்ற தரநிலையானது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி ஒருவரைத் தலைவராக ஏற்று, வட்டம் உண்டாக்கும் பாதைகளை அடைத்துவிடும். நாற்பது ஆண்டுகளாக உலகின் நெட்வொர்க்குகளைக் காத்துவரும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. இதன் இயல்பான நேரக்கணக்கு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஏழு ஸ்விட்சுக்கு மிகாது என்ற அனுமானத்தில் அமைந்தது. பாஸ்டனில் மீறப்பட்டது அதுதான். பழைய வடிவத்தில் ஒரு பாதை அறுந்தால் மாற்றுப்பாதை திறக்க 50 நொடி வரை ஆகும். 2001-இல் வந்த விரைவு வடிவம் அதைச் சில நொடிகளாகவும் அதற்குக் கீழும் குறைத்தது. இன்னொன்று: முன்னுரிமை எண்ணை யாரும் மாற்றாவிட்டால், சிறிய மேக் முகவரி கொண்ட பெட்டியே தலைவராகும். பெரும்பாலும் அது இருப்பதிலேயே பழைய, மெதுவான பெட்டியாக இருக்கும். கவனிப்பாரில்லாத அலுவலகங்களில் மேசைக்கடியில் கிடக்கும் பெட்டியே மொத்த நெட்வொர்க்குக்கும் தலைமை தாங்குவது இப்படித்தான்.

ஸ்டாக் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது: பேசித் தீர்க்க வேண்டிய ஸ்விட்சுகளின் எண்ணிக்கையையே குறைத்துவிடுகிறது. சிஸ்கோ 2003-இல் கொண்டுவந்த கேட்டலிஸ்ட் 3750 வரிசை இந்த ஏற்பாட்டைப் பிரபலமாக்கியது. ஒன்பது பெட்டிகள் வரை பின்புறக் கேபிளால் வளையமாகக் கோக்கலாம். அவற்றில் ஒன்று தலைமை, மற்றவை உறுப்பினர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஐபி முகவரி, ஒரே பாஸ்வேர்டு, ஒரே அமைப்புக் கோப்பு. ஸ்பானிங் ட்ரீயின் கண்ணுக்கும் ஒரே ஸ்விட்ச். ஆகவே சர்வரிலிருந்து ஒரு கேபிளை முதல் பெட்டிக்கும் இன்னொன்றை இரண்டாம் பெட்டிக்கும் போட்டு, இரண்டையும் ஒரே இணைப்பாகக் கட்டிவிடலாம். தனித்தனி ஸ்விட்சுகளாக இருந்தால் மாற்றுக் கேபிள் ஒன்று பெரும்பாலும் சும்மா கிடக்கும். இங்கே இரண்டும் உழைக்கும். ஒன்று போனால் மற்றது உடனே சுமையை ஏற்கும்.

வேகத்தைப் பற்றிய விளம்பரத்தைச் சற்றுத் தள்ளியே வைக்கலாம். 3750-க்குச் சொல்லப்பட்ட 32 கிகாபிட் என்பது, வளையத்தின் இரு திசைகளிலும் ஓடும் 16 கிகாபிட் பாதைகள் இரண்டின் கூட்டுத்தொகை. கட்டப்பட்ட இரட்டைக் கேபிளும் ஒரு கணினியின் ஒரு கோப்பை இரு மடங்கு வேகத்தில் அனுப்பாது. ஒவ்வோர் உரையாடலும் ஏதாவது ஒரு கேபிளில்தான் போகும். பலர் ஒரே சமயத்தில் வேலை செய்யும்போதுதான் பலன் தெரியும். அறுபது பேர் பில் போட்டு, மின்னஞ்சல் பார்க்கும் அலுவலகத்தில் வேகம் முதல் பிரச்சினையே அல்ல. கவனித்துக்கொள்ள ஆள் இல்லாததுதான் பிரச்சினை. கேமரா, கணக்குப் பிரிவு, விருந்தினர் வைஃபை மூன்றையும் விலேன் எனப்படும் தனித்தனி உள்நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது இன்று அடிப்படைப் பாதுகாப்பு. நான்கு தனி ஸ்விட்சுகளில் அதை நான்கு முறை செய்ய வேண்டும். இடையிலுள்ள ஒவ்வோர் இணைப்பிலும் அனுமதிக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் அரைநாள் தேடல். ஒன்றில் தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றப்படாமல் கிடந்தால் அதுவே திறந்த கதவு. ஸ்டாக்கில் இவை எல்லாம் ஒரே முறைதான். வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகும் தொழில்நுட்பரை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு இந்த மிச்சம் சாதாரணமானதல்ல.

ஆனால் ஸ்டாக்கை அமைப்பதில் வரிசை முக்கியம். பெட்டிகளைக் கோப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் ஒரே ஃபர்ம்வேர் பதிப்பை ஏற்ற வேண்டும். பதிப்பு மாறினால் பல மாடல்களில் அந்தப் பெட்டி ஸ்டாக்கில் சேராது. எது தலைமை, எது அடுத்தது என்பதை நாமே முன்னுரிமை எண்ணால் சொல்லிவிட வேண்டும். கேட்டலிஸ்ட் வரிசையில் அது 1 முதல் 15 வரை. பெரிய எண்ணுக்கே தலைமை. பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு ஸ்டாக் கேபிள்களைப் பூட்டி, தலைமைப் பெட்டியை முதலில் இயக்கி, அது எழுந்தபின் மற்றவற்றை இயக்க வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்குத் திரும்பி வரும் கேபிளைச் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால் வளையம். எந்த ஒரு கேபிள் அறுந்தாலும் ஸ்டாக் பிழைக்கும். இல்லாவிட்டால் சங்கிலி, நடுவில் அறுந்தால் இரண்டு துண்டு. அப்போது சில தயாரிப்புகளில் இரு துண்டுமே தன்னைத் தலைமையாகக் கருதி, ஒரே ஐபி முகவரியோடு நெட்வொர்க்கில் நிற்கும். புதிய பெட்டியைப் பின்னாளில் சேர்க்கும்போதும் அது அணைந்தே இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தனி ஸ்விட்சை ஓடும் ஸ்டாக்கில் பூட்டினால் மீண்டும் தலைமைத் தேர்தல் நடக்கும். அதில் புதியது வென்றால் பழைய பெட்டிகள் அணைந்து எழுந்து, புதியதன் வெற்று அமைப்பை ஏற்றுக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் அமைப்புக் கோப்பின் நகலை ஸ்விட்சுக்கு வெளியே சேமித்து வைப்பது கடைசி வேலை.

ஸ்டாக்கை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இதுதான்: மூளை ஒன்றானால் மூளைக்கு வரும் நோயும் ஒன்றுதானே? தலைமையின் மென்பொருளில் பிழை இருந்தால் மொத்த ஸ்டாக்கும் சேர்ந்து விழும். சிறு நிறுவனங்களுக்கான பெரும்பாலான மாடல்களில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக அணைந்து எழும். தவறான ஒரு கட்டளை ஒரே நொடியில் எல்லாவற்றிலும் பரவும். இந்த வாதம் முழுக்க உண்மை. 24 மணி நேரமும் நிற்கவே கூடாத மருத்துவமனையிலோ தரவு மையத்திலோ, தனித்தனி மூளையுள்ள இரண்டு ஸ்விட்சுகளே சரி. ஆனால் இரவில் பூட்டிவிட்டுப் போகும் அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் நெட்வொர்க் இல்லாமற் போவது இழப்பல்ல. அங்கே அன்றாடம் நேரும் கோளாறுகள் வேறு: மின்பகுதி பழுது, ஒரு பெட்டியின் மரணம், பிடுங்கப்பட்ட கேபிள். இவற்றில் ஸ்டாக் உதவும், நாம் போர்ட்டுகளைப் பிரித்து வைத்திருந்தால் மட்டும். ஒரே கூடத்தின் இரண்டு வைஃபை கருவிகளும் ஒரே பெட்டியில் இருந்தால், அந்தப் பெட்டி போகும்போது இரண்டும் போகும். எல்லாப் பெட்டிகளும் ஒரே யுபிஎஸ்ஸில் தொங்கினால், எத்தனை பெட்டி இருந்தும் பயனில்லை.

மேகக் கணினி வழியே நிர்வகிக்கப்படும் தனி ஸ்விட்சுகளே ஒரே திரையில் எல்லாவற்றையும் காட்டுகின்றனவே, ஸ்டாக் எதற்கு என்பது அடுத்த கேள்வி. நிர்வாகம் மட்டுமே தேவை என்றால் அது நியாயமான மாற்றுதான். பெட்டிகள் வெவ்வேறு மாடிகளில் சிதறியிருந்தால் அதுவே நல்லது. ஆனால் திரை ஒன்றானாலும் ஸ்விட்சுகள் பலதான். ஸ்பானிங் ட்ரீ அங்கே தொடர்கிறது. இரு பெட்டிகளில் கேபிளைப் பிரித்து ஒன்றாகக் கட்டுவது சாதாரண மாடல்களில் முடியாது. மூன்றாவது ஆட்சேபம், ஒரே தயாரிப்பாளரிடம் மாட்டிக்கொள்வது. ஸ்டாக் முறைக்குப் பொதுத் தரநிலை கிடையாது. ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் பெட்டியோடு சேராது, ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகள்கூடப் பல சமயம் சேருவதில்லை. அந்த மாடல் சந்தையிலிருந்து போய்விட்டால் விரிவாக்கமும் போயிற்று. இதற்கு நேரடிப் பதில் இல்லை. அடுத்த ஐந்தாண்டுத் தேவையைக் கணித்து முதலிலேயே வாங்குவதுதான் வழி. வழக்கமான 10 கிகாபிட் போர்ட்டுகளையே ஸ்டாக்குக்குப் பயன்படுத்தும் மாடல்களில், சர்வருக்கு எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கேபிள் வழியே மின்சாரம் தருவதையும் கணக்கிட வேண்டும். 24 போர்ட்டிலும் 30 வாட் என்றால் 720 வாட். பல 24 போர்ட் மாடல்கள் தருவது 370 வாட் அளவில்தான். கேட்டலிஸ்ட் போன்ற சில உயர்தர வரிசைகளைத் தவிர, ஒரு பெட்டியின் மிச்ச மின்சாரம் மற்றதற்குப் போகாது.

ஆகவே தேர்வு இப்படி அமையலாம். 48 போர்ட்டுக்குள் வேலை முடிந்தால் ஸ்டாக் வேண்டாம். நல்ல ஒரு ஸ்விட்சும், அலமாரியில் அதே மாடலில் ஒரு மாற்றும் போதும். ஒரே ரேக்கில் இரண்டு முதல் நான்கு பெட்டிகள் தேவைப்பட்டால் ஸ்டாக்கே சிறந்தது. தனிக் கட்டடத்துக்கு ஸ்டாக்கை இழுக்காமல், அங்கே தனி ஸ்விட்ச் வைத்து இரண்டு ஃபைபர்களால் இணைப்பது நல்லது. எதை வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தலைமைப் பெட்டியை அணைத்தால் மற்றவை எத்தனை நொடி தடுமாறும், வளையக் கேபிள் விலையில் சேர்ந்ததா, இதே மாடல் எத்தனை வருடம் கிடைக்கும்? நிறுவி முடித்த அன்றே, அவர் முன்னிலையில் தலைமைப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறாத ஸ்டாக்குக்குப் பணம் தர வேண்டியதில்லை.