பட்டிப்பூவும் கருஞ்சீரகமும்: புற்றுநோய் மருந்தும் சமூக உழைப்பும்

மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையிலான கல்முனைக் கரையோர ஊர்களிலே கருஞ்சீரகம் இல்லாத அடுப்படியைக் காண்பது அரிது. பிணிகள் பலவற்றுக்கும் அது மருந்தாகும் என்னும் நம்பிக்கை நபிமொழி வழியாக இங்கு வேரூன்றியுள்ளது. அதே ஊர்களின் மணற்பாங்கான வேலியோரங்களிலே, எவரும் நீரூற்றாமலே பட்டிப்பூ பூத்துக் கிடக்கிறது. தமிழ்நாட்டார் இதனை நித்தியகல்யாணி என்பர். முன்னதற்குக் கிடைத்த மதிப்பு பின்னதற்குக் கிடைக்கவில்லை. ஆயினும் இவ்விரண்டினுள் உலகப் புற்றுநோய் வைத்தியசாலைகளிலே அன்றாடம் பயன்படும் மருந்தைத் தந்தது பட்டிப்பூவே. இம்முரண் எவ்வாறு தோன்றியது என்பதே எமது கேள்வி.

இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்தில் தலையிடுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பரராசசேகரம் போன்ற ஈழத்து மருத்துவ நூல்கள் செய்யுளிலேயே ஆக்கப்பட்டவை. அவற்றைப் பயில்வோர் அறிவு எவ்வாறு உருவாகிறது, எவரிடம் தங்குகிறது என்னும் வினாக்களைத் தவிர்க்க இயலாது. அவ்வினாக்களை எதிர்கொள்ளும்போது, பழைமையானது என்பதனாலேயே ஒன்றைப் போற்றும் போக்கும், அதே காரணத்தால் எள்ளி நகையாடும் போக்கும் எமக்கு ஒருங்கே போதாதனவாகத் தோன்றுகின்றன.

பட்டிப்பூவின் தாயகம் மடகஸ்கார். வெப்பவலய நாடுகள் பலவற்றில் அதன் இலையை நீரிழிவுக்குக் குடிநீராகப் பயன்படுத்தினர். 1952 இல் ஜமெய்க்காவிலிருந்து அவ்விலைகள் சில ஒரு கனேடிய மருத்துவருக்கு அனுப்பப்பட்டன. அவரது சகோதரர் ரொபேர்ட் நோபிள் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவற்றைச் சோதித்தார். சீனியின் அளவு குறையும் என எதிர்பார்க்கப்பட்டது, அது குறையவில்லை. ஆனால் சாறு ஏற்றப்பட்ட எலிகளின் வெண்குருதிக் கலங்கள் பெரிதும் குறைந்தன. வெண்குருதிக் கலங்கள் கட்டின்றிப் பெருகுவதே குருதிப் புற்றுநோயாதலின், தோல்வியெனத் தோன்றிய முடிவு புதியதொரு வழியைத் திறந்தது. நோபிளும் இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியரும் 1958 இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தமையை அறிவித்தனர். ஐக்கிய அமெரிக்காவின் எலி லில்லி கம்பனியும் தனியே அதே செடியை ஆராய்ந்து வந்தது. அங்கு இனங்காணப்பட்ட வின்கிறிஸ்டின் 1963 இல் அந்நாட்டில் அங்கீகாரம் பெற்றது. சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்கான கூட்டு மருந்து முறையில் அதற்கு இன்றும் முக்கிய இடமுண்டு.

இம்மருந்துகள் டியூபுலின் என்னும் புரதத்துடன் பிணைகின்றன. கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச்செல்லும் நுண்குழாய்கள் இப்புரதத்தால் அமைவன. அவை அமையாதபோது பிரிவு இடையிலே நின்று கலம் மடிகிறது. நலமான கலங்களும் இதற்கு விலக்கல்ல. வின்கிறிஸ்டின் நரம்புகளைப் பாதிப்பது நன்கறியப்பட்டது. நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கே அளவைப் பொறுத்தது. அந்த அளவினை இலைச்சாறு ஒருபோதும் தராது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினைப் பெறுதற்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும் என்பர். அத்துணை இலையைப் பயிரிட்டுப் பறித்து உலர்த்தியவர்களின் உழைப்பு மருந்துக் குப்பியின் மேலொட்டிலே இடம்பெறுவதில்லை. செடியின் குணத்தை முதலில் அவதானித்தவர்களின் பெயரும் அங்கில்லை. உயிர்வளங்கள் மீது அரசுகளுக்குள்ள இறைமையை ஏற்றுக்கொண்ட உயிரினப் பல்வகைமை உடன்படிக்கை 1992 இல்தான் உருவாயிற்று. இலங்கை அதனை 1994 இல் ஏற்புறுதி செய்தது. மடகஸ்காருக்கு அது காலங்கடந்த நீதி.

எமது நாட்டிலேயே நிகழ்ந்த பிறிதொரு முயற்சி இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயுர்வேத வைத்தியக் குடும்பமொன்று புற்றுநோய்க்கு வழங்கிவந்த குடிநீரை, களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐரா தாப்ரூ முதலானோர் ஆய்வுக்குட்படுத்தினர். கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிக்கிழங்கு இனத்துக் கிழங்கொன்று ஆகிய மூன்றும் சேர்ந்தது அக்குடிநீர். இரசாயனப் பொருளொன்றினால் எலிகளில் ஈரற் புற்றுநோய் தூண்டப்பட்டது. பின்னர் இக்குடிநீர் கொடுக்கப்பட்டபோது நோய் உருவாதல் தடைப்பட்டமை அவதானிக்கப்பட்டது. 2003 முதல் வெளிவந்த இவ்வாய்வுகளும், ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட மனித ஈரற் புற்றுக் கலங்கள் மீது 2005 இல் வெளியான ஆய்வும் எம்மவர் பெருமைப்படத்தக்கன. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கட்டி தோன்றுமுன்னர் தொடங்கிய சிகிச்சையே எலிகளில் சோதிக்கப்பட்டது. முற்றிய கட்டியுடன் வரும் மனிதர் ஒருவரை அது குணப்படுத்தும் என்பதற்கு அது சான்றாகாது. செய்தித்தாள் ஒரு வரியிலும் கடை விளம்பரம் ஒரு சொல்லிலும் இவ்வேறுபாட்டைக் கடந்துவிடுகின்றன. ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்னும் தொடர் இன்று எண்ணெய்க் குப்பிகளின் மேல் மலிந்து கிடக்கிறது. முன்னர் பரிகாரியின் கைப்பக்குவமாக இருந்தது இப்போது சந்தைப் பண்டமாகிவிட்டது. அப்பண்டத்தை விற்பவனோ பரிகாரியைப் போல நோயாளியின் நாடியைப் பிடிப்பவனல்லன்.

இயற்கையானது தீங்கற்றது என்னும் எண்ணமும் இச்சந்தைக்குத் துணைபோகிறது. பாக்கும் தாவரப் பொருளே. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில் அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகவே வகைப்படுத்தப்பட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு வெற்றிலை மெல்லும் வழக்கம் பெருங்காரணம். நீண்ட நேர உழைப்பிலே பசியையும் சோர்வையும் மறக்க வெற்றிலையை நாடுவோரிடம், அதனை விடுமாறு வெறுமனே உபதேசிப்பது அவர்களின் வேலை நிலைமைகளை மறைப்பதாகவே முடியும்.

வாயிற் புண் ஆறாதபோது மாதக்கணக்கில் எண்ணெயும் குடிநீருமாகக் காலங்கடத்துவோரை மூடநம்பிக்கையினர் எனப் பழித்தல் எளிது. இன்று அபேக்ஷா என வழங்கும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இங்கிருந்து செல்வதென்றால் ஒரு முழு இரவுப் பயணம். சிகிச்சை இலவசம், துணைக்குச் செல்பவரின் நாட்கூலியும் பயணச் செலவும் தங்குமிடமும் இலவசமல்ல. கருஞ்சீரகமோ அடுப்படியிலேயே இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. புற்றுநோய் மருந்துகளும் அதற்குத் தப்பவில்லை. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாதிருந்த அம்மாதங்களிலும் எமது வேலியோரங்களிலே பட்டிப்பூ வழமைபோல் பூத்தது.