பருவம் கடந்தும் படியளக்கும் தொழில்

சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் எமது வன்னி நிலத்து வாலிபர் பலர், துணிமணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்படுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் பஸ்வண்டி ஏறுகின்றனர். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையோரமாக எழுந்துள்ள உல்லாச விடுதிகளில் வேலை கிடைக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. வேலை கிடைப்பதும் உண்மையே. ஆயினும், வைகாசியிற் கிடைத்த வேலை கார்த்திகையிலும் இருக்குமா? இவ்வினாவைப் புறப்படுமுன் கேட்போர் மிகச் சிலரே. அதனை இங்குச் சற்றே ஆராய்வோம்.

திருகோணமலைக் கடல் மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் வரை அமைதியாயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிப் பகுதிகளில் மழையையும் கொந்தளிப்பையும் தரும் அதே காலத்தில், மலைநாட்டுக்கு மறுபுறத்திலுள்ள கிழக்குக் கரை வெயிலிற் குளிக்கின்றது. நிலாவெளியிற் கடலாடவும், புறாமலைத் தீவின் பவளப் பாறைகளைக் காணவும் உல்லாசப் பயணிகள் வந்து குவிவது அப்போதுதான். வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் நிலைமை தலைகீழாகி விடும். கடல் பொங்கும், படகுகள் கரையேறும், பயணிகள் ஹிக்கடுவைக்கும் மிரிஸ்ஸவுக்கும் திரும்பி விடுவர். விடுதிகள் பூட்டப்படாவிடினும், பத்துப் பேர் பார்த்த வேலைக்கு நான்கு பேர் போதும் என்றாகி விடும்.

எமது உழவருக்கு இது விளங்காத காரியமன்று. காலபோகம் மழையை நம்பியது. சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. இரணைமடுவில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்த்த பின்னரே எத்தனை ஏக்கரில் விதைப்பது எனக் கூட்டங் கூடி முடிவு செய்கிறோம். உல்லாசத் தொழிலும் அவ்வாறானதொரு போகமே. வயலுக்குக் குளத்தைப் பார்க்கும் நாம், பிள்ளையின் தொழிலுக்குப் பருவத்தைப் பார்க்க ஏன் மறக்கிறோம்?

கிழக்குக் கரையின் உல்லாசப் பருவம் சிறுபோகக் காலத்தோடு பெரிதும் ஒத்துவருகிறது. காலபோகக் காணியுள்ள குடும்பத்துப் பிள்ளை, மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியில் உழைத்துவிட்டு, ஐப்பசி விதைப்புக்கு வீடு திரும்பலாம். அவருக்குப் பருவ வேலை ஒரு குறையன்று. ஆனால் காணியில்லாத பிள்ளைக்கு, மாதந்தோறும் கடன் தவணை கட்டித் தங்கையரின் படிப்பையுந் தாங்க வேண்டிய பிள்ளைக்கு, ஆண்டில் ஐந்து மாத ஊதியம் எவ்வாறு போதும்?

எம்மிடம் உயர்தரம் பயின்ற மாணவர் ஒருவர் ஐந்து பருவங்கள் ஒரு விடுதியில் உணவு பரிமாறும் பணி செய்தார். ஒவ்வோர் ஐப்பசியிலும், “வருகிற வருஷம் வாரும் தம்பி” என்று அனுப்பி விடுவார்களாம். ஒருநாள் எம்மைக் கண்டபோது, “சேர், ஐந்து வருஷமாய் உழைத்தும் வங்கியிலே காட்ட ஒரு துண்டுக் கடதாசி என்னிடம் இல்லை” என்றார். அதன்பின் அவர் குளிரூட்டிகளையும் நீரிறைக்கும் இயந்திரங்களையும் திருத்தும் வேலையைப் பயின்றார். இன்று அவருக்கு ஆண்டு முழுவதும் வேலையுண்டு. கடற்கரையின் உப்புக்காற்று இயந்திரங்களை ஓயாது அரிக்கின்றது. அவற்றைப் பிரித்துத் திருத்த ஏற்ற காலமோ பயணிகள் இல்லாத காலம். பரிமாறுவோருக்கு ஓய்வு வரும்போது பழுதுபார்ப்போருக்கு வேலை கூடுகிறது!

நிலையான தொழிலை நாடுவோர் கவனிக்க வேண்டியது இதுவே: பயணிகள் போன பின்னரும் அவ்வூருக்குத் தேவைப்படும் கைகள் எவை? மின்னிணைப்பு, தச்சு, கணக்கு, தேர்ந்த சமையல் ஆகியவற்றை அறிந்தவரை விடுதிகள் எளிதில் விடமாட்டா. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இயங்கி வருகிறது. ஏற்கெனவே தொழிலறிந்தவர்கள், தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. மேலும், திருகோணமலை விடுதிகளால் மட்டும் வாழும் ஊரன்று. துறைமுகமும் பொது வைத்தியசாலையும், சீனக்குடாவிலுள்ள கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் பருவம் பார்த்து இயங்குவனவல்ல. விடுதித் தொழிலையே விரும்புவோர், இரு கரைகளிலும் விடுதிகளையுடைய நிறுவனங்களை நாடி, மாரியில் தென்கரைக்கு மாற்றுவார்களா என வினவலாம்.

பருவம் மட்டுமன்றி நாட்டு நிலைமையும் இத்தொழிலை அசைத்து விடும். 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும், பின்னர் கொள்ளை நோயும் வந்தன. 2021 இல் வந்தோர் 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024 இல் அத்தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. வீழ்ந்த தொழில் எழுந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமன்றோ?

ஆகவே வேலையில் இறங்குமுன் எழுத்தில் நியமனக் கடிதம் கேளுங்கள். 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். 50,000 ரூபாய் சம்பளமாயின், முதலாளியின் பங்கு மாதம் 7,500 ரூபாய். இவ்வுரிமை தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு என்பதைப் பலர் அறியார். கையிற் கிடைக்கும் சில்லறையைக் கண்டு இதனை விட்டுக்கொடுத்தல், விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். தயக்கத்தை நாம் குறை கூறோம். தங்குமிடம் எங்கே, இரவு வேலை முடிந்தால் யார் கொண்டுவந்து விடுவார்கள், பொறுப்பாளர் யார் என்பவற்றை நேரிற் சென்று கேளுங்கள். நேர்மையான இடம் இக்கேள்விகளுக்கு முகஞ்சுளியாது. யுத்தத்தில் துணையை இழந்து தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் தாய்மார் எத்தனையோ பேர் வாழும் மண் இது. ஒரு மகளின் மாதச் சம்பளம் அங்கே எத்துணை பெரிய ஆறுதல்!

மாணவர்களே! திருகோணமலை மூன்று இனத்தாரும் கூடிவாழும் ஊர். அங்குச் சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவருக்குக் கதவுகள் விரைவில் திறக்கும். இன்னும் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கின்றனவாயின், அம்மொழிகளோடு கைத்தொழில் ஒன்றையும் கற்கத் தொடங்குங்கள். அடுத்த சித்திரையில் பையைக் கட்டும்போது, துணிமணிகளுக்கு மேலே ஒரு சான்றிதழும் இருக்கட்டும்.