உங்களுக்குத் தெரியுமா? பிரஷர் கேஜுக்குத் தண்ணீரே காவல்!

கொதிகலனில் பிரஷர் கேஜுக்குக் கீழே ஒரு குழாய் வட்டமாகச் சுருண்டிருக்கும். ஏதோ அலங்காரம் போலத் தெரியும். அதை எடுத்துவிட்டால் கேஜ் சீக்கிரமே கெட்டுவிடும்.

கேஜுக்குள் இருப்பது வளைந்த மெல்லிய உலோகக் குழல். பிரான்சின் யூஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அழுத்தம் ஏறினால் குழல் சற்றே நிமிரும், முள் நகரும். ஆனால் முள் 10 பாரைத் தொடும்போது நீராவியின் வெப்பநிலை சுமார் 184 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு நேராக உள்ளே போனால் பித்தளைக் குழலின் பற்றவைத்த இணைப்புகள் வலுவிழக்கும். முள்ளும் தப்புக் கணக்குக் காட்டும்.

சைஃபன் எனப்படும் அந்தச் சுருளில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்குகிறது. தண்ணீர் அழுத்தத்தை அப்படியே கடத்தும், சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். புதிய சைஃபனில் விவரம் தெரிந்த ஃபிட்டர் முதலிலேயே தண்ணீர் ஊற்றிவிடுவார். இல்லையென்றால் முதல் நீராவி நேரே கேஜைத் தாக்கும்.

தண்ணீருக்கு எடையும் உண்டே! நீராவிக் குழாய்க்கு 3 மீட்டர் கீழே கேஜைப் பொருத்தி, இடையில் தண்ணீர் நிறைந்திருந்தால், முள் சுமார் 0.3 பார் கூடுதலாகக் காட்டும். 10 பார் கொதிகலனில் இது சின்ன விஷயம். 1 பார் லைனில் பெரிய பொய்.

பிஸ்டன் பம்ப் லைனில் தொல்லையே வேறு: அழுத்தம் துடிதுடிக்கும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே சைஃபன் போதாது. சிறு துளை வழியே துடிப்பை அடக்கும் ஸ்னப்பரைப் பொருத்துவார்கள்.