உவர்க்கிணறும் பிள்ளையின் துணியும்

கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலில் துவைத்துப் பழகிய தாய்மாருக்கு மன்னார்த் தீவின் கிணற்றுநீர் புதிது. எவ்வளவு தேய்த்தாலும் சவர்க்காரம் நுரைக்காது. குற்றம் சவர்க்காரத்தில் இல்லை. இங்குள்ள பல கிணறுகளில் உவரோடு சுண்ணாம்பும் கலந்திருக்கிறது. அது சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுக்காகி நூலில் படியும். துணி விறைக்கும், ஈரத்தை உறிஞ்சாது. பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணாகும். மேலும் சவர்க்காரம் போட்டால் பிசுக்குத்தான் கூடும்.

மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, கிணற்றடிக்கு அப்பால் வைத்துத் துணியை வெறும் நீரில் அலசுங்கள். பின் ஒரு வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, அதன் பிறகே சவர்க்காரம் போடுங்கள். சோடா சுண்ணாம்பைப் பிரித்துவிடும்.

கடைசி அலசல்தான் முக்கியம். குடிநீரைச் சுமந்து வரும் வீட்டில் இது சிரமமே. என்றாலும் அரை வாளி நல்ல தண்ணீரை, மாரியில் என்றால் கூரை மழைநீரை, இதற்கென ஒதுக்குங்கள். சோடா துணியில் தங்கினாலும் தோல் எரியும்.

குளிர்நாடுகளில் துணிக்கு மேல் கம்பளி உறை போடுவதுண்டு. ஆட்டுரோமக் கொழுப்பு ஈரத்தைத் தடுக்கும். நமது வெக்கைக்குப் பழைய பருத்திச் சேலைத் துண்டே போதும். நல்ல வெயிலில் காயவிடுங்கள். புண் உள்ளபோது பொலித்தீன் காற்சட்டை வேண்டாம். மூன்று நாளில் ஆறாவிட்டால் மருத்துவமாதிடம் காட்டுங்கள்.