பழவேற்காடு: ஒரு விளிம்பு நிலத்தின் மண்ணும் மக்களும்

அரபு மொழியில் ‘ஸாஹில்’ என்னும் சொல்லுக்குக் கரை என்று பொருள். சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், செனகல் முதல் சூடான் வரை நீண்டு கிடக்கும் நிலப்பகுதிக்கும் இதுவே பெயராயிற்று. பாலையை மணற்கடலாகக் கொண்டால் அது முடியுமிடம் கரைதானே! ஆண்டில் சில மாதங்களே பெய்யும் மழை அங்கே குடியிருப்பின் அளவை நிர்ணயிக்கிறது. நிலத்தின் இயல்புக்கும் மக்கள் வாழ்வுக்கும் உள்ள இத்தகைய உறவை இப்னு கல்தூன் (1332–1406) தமது ‘முகத்திமா’வில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அவ்வகை விளிம்பு நிலமொன்று நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் உண்டு. பொன்னேரி வட்டத்திலுள்ள பழவேற்காடே அது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே உவர்நீர் ஏரி, இடையில் ஒடுங்கிய மணல்திட்டு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்கும், தென்கோடியே தமிழகத்துக்குரியது. ஆரணியாறு இப்பகுதியில் ஏரியோடு கலக்கிறது.

ஸாஹிலுக்கு மழை எப்படியோ, பழவேற்காட்டுக்கு முகத்துவாரம் அப்படி. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று வெள்ளம் ஏரியை நிரப்பிக் கடலுக்கு வழி திறக்கிறது. கோடையில் கடலலை மணலைக் கொணர்ந்து குவிக்க, வாயில் தூர்ந்துவிடுகிறது. அப்போது கடல்நீர் வரத்து குன்றும்; உப்புத்தன்மை மிகும்; இறால் குஞ்சுகளும் மீன்களும் உள்ளே வருவது தடைப்படும். வாயில் அடைபட்டால் வலையும் வெறுமையாகும்.

இக்குறுகிய வளத்தைப் பகிர்ந்துகொள்ள மீனவர் வகுத்த முறையே ‘பாடு’ எனப்படுவது. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைக் குறித்து, இன்னார் இன்ன நாளில் வலை விரிக்கலாமென முறை வைத்துக்கொள்வர். பாட்டு உரிமை இல்லாத இருளர் போன்றோர் ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடித்து வாழ்கின்றனர். பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்னும் பொருள்களும் இருப்பது நோக்கற்பாலது.

ஒருகாலத்தில் இவ்வூர் வணிகத்தாலும் செழித்தது. டச்சுக்காரர் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலத் துணிகள் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கப்பலேறின. 1690-இல் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியபின் ஊரின் சிறப்புக் குன்றியது. கடல் வணிகத்தோடு தொடர்புடைய முஸ்லிம் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். இவர்களுள் பெண்கள் பலர் பனையோலையால் கூடைகளும் பெட்டிகளும் முடைகின்றனர். மணல் நிலத்தில் வளரும் பனை, வீட்டிலிருந்தே செய்யத்தக்க ஒரு தொழிலை அவர்களுக்கு அளித்துள்ளது.

இனி எண்ணிக்கையைக் காண்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 37,28,104. சதுர கிலோமீட்டருக்கு 1,098 பேர். 2001-இல் 27,54,756 ஆக இருந்தது பத்தாண்டில் 35 விழுக்காடு பெருகியது. சென்னையை ஒட்டிய நகர்ப்புறங்களும், கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளும் ஈர்த்த மக்களே இப்பெருக்கத்தில் பெரும்பங்கு. அதே ஆண்டில் ராஜஸ்தானின் பாலை மாவட்டமாகிய ஜெய்சல்மேரில் சதுர கிலோமீட்டருக்கு 17 பேரே வாழ்ந்தனர். அங்கே சராசரி எண்ணே வறண்ட நிலத்தை ஒருவாறு காட்டிவிடுகிறது. இங்கோ, நெருக்கமான மாவட்டம் என்னும் சராசரிக்குள் மணல்திட்டுக் குப்பங்கள் மறைந்துபோகின்றன.

இம்மறைவு வெறும் ஏட்டுக் குறையன்று. சராசரியை மட்டும் நோக்குவோர்க்கு இக்கரை ஆளற்ற வெற்றுமணலாகவும், ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஏற்ற நிலமாகவுமே தோன்றும். ஏரி வாழ்வு நலிந்தால் இம்மக்கள் தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தக் கூலிகளாவர். பாடு முறையும் ஓலைத்தொழிலும் அவர்களோடு அற்றுப்போகும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கு வரும்போது, எத்தனை பேர் என்பதோடு, எந்த நீரையும் எந்த மரத்தையும் நம்பி வாழ்கின்றனர் என்பதையும் ஊர்வாரியாக அறிந்த பின்னரே இக்கரையைப் பற்றி முடிவெடுத்தல் வேண்டும்.