கடைசி ஆட்டமும் ஒரு நரம்பும்

டிசம்பர் பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களில் ஒரு விவாதம் சூடுபிடிக்கும். மூன்று மாதமாக ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய நட்சத்திர வீரர் ஒருவர், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தான் இறங்கப் போவதில்லை என்று அறிவித்திருப்பார். கூட ஆடியவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டான் என்பார்கள் ஒரு சாரார். தன் பிழைப்பைப் பார்க்கிறான், அதில் என்ன தப்பு என்பார்கள் மறு சாரார்.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவரை மோதிச் சாய்ப்பதும்தான் ஆட்டம். கல்லூரிப் பருவம் முடிந்ததும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை 'பௌல்' என்ற பெயரில் சுமார் நாற்பது ஆட்டங்கள் நடக்கும். 1902இல் ரோஸ் பௌலில் தொடங்கிய மரபு இது. இவற்றில் சாம்பியன் பட்டத்தைத் தீர்மானிப்பவை ஒருசில. மற்றவை பெருமைக்கும் கொண்டாட்டத்துக்கும் ஆடப்படுபவை. ஏப்ரல் கடைசியில் என்.எஃப்.எல். எனும் தொழில்முறை லீக்கின் டிராஃப்ட் நடக்கும். 32 அணிகள் முறைவைத்து, ஏழு சுற்றுகளில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ அதைப் பொறுத்தே முதல் ஒப்பந்தத் தொகை அமையும். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில் பேரம் பேசப் பெரிதாக இடமில்லை.

ஆக, கடைசி ஆட்டத்துக்கும் டிராஃப்டுக்கும் நடுவே நான்கு மாதம்தான். இந்த நான்கு மாதத்தில் மனித உடல் எதைச் சரிசெய்துகொள்ள முடியும், எதைச் சரிசெய்துகொள்ள முடியாது என்று பார்த்துவிட்டு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதே முறை.

2016 ஜனவரி 1. அரிசோனாவின் கிளெண்டேல் நகரில் ஃபியஸ்டா பௌல். நோட்டர் டேம் அணியும் ஒஹாயோ ஸ்டேட் அணியும் மோதின. நோட்டர் டேமின் ஜெய்லன் ஸ்மித்துக்கு அப்போது 20 வயது. லைன்பேக்கர், அதாவது தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று பந்துக்காரரைத் துரத்திப் பிடிப்பவர். அந்த ஆண்டு நாட்டிலேயே சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அவருக்குத்தான் கிடைத்திருந்தது. டிராஃப்டில் முதல் ஐந்து பேரில் ஒருவராகப் போவார் என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் கால் பகுதியிலேயே, ஒரு மோதலின் முடிவில், எதிரணி வீரர் ஒருவர் தள்ளியதில் அவரது இடது கால் தரையில் ஊன்றிய நிலையில் முழங்கால் தவறான பக்கம் மடங்கியது. இரண்டு ஜவ்வுகள் கிழிந்தன; ஒன்று மூட்டின் நடுவில் இருப்பது, மற்றது வெளிப்புறத்தில் இருப்பது.

முழங்காலின் நடுவில், தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் இணைத்தபடி இரண்டு ஜவ்வுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. அவற்றில் முன்னால் இருப்பதுதான் விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஏ.சி.எல். நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு. கொலாஜன் இழைகள் தாம்புக்கயிறு போலப் புரிபுரியாகச் சேர்ந்து உண்டான பட்டை. இளம் வயதினரின் ஏ.சி.எல். அறுபட வேண்டுமானால் ஏறக்குறைய 220 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசை வேண்டும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சுண்டுவிரலை விடச் சிறிய ஒரு பட்டைக்கு இவ்வளவு வலு!

அப்படியும் அது அறுகிறது. ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆடுபவர்களுக்குக் காயம் பட்ட காட்சிகளைச் சட்டம் சட்டமாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடிக்குள் ஜவ்வு அறுந்திருக்கிறது என்று கணித்தார்கள். கண் ஒருமுறை இமைக்க 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஆபத்தை உணர்ந்து, மூளை முடிவெடுத்து, தொடைத் தசை இறுகுவதற்கு 150 மில்லி விநாடியாவது வேண்டும். எவ்வளவு பயிற்சி பெற்ற வீரரானாலும் அந்தக் கணத்தில் தன் முழங்காலைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. கவனமாக ஆடினால் அடிபடாது என்று வெளியிலிருந்து சொல்பவர்கள் இந்த 40 மில்லி விநாடியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அறுந்த ஏ.சி.எல். பெரும்பாலும் தானாக ஒட்டாது. வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டியின் மேல்தான் புதுத் திசு வளரும். மூட்டுக்குள் சுரக்கும் திரவம் அந்த உறைகட்டியைக் கரைத்துவிடுகிறது. அதனால் மருத்துவர்கள் முழங்கால் சில்லின் நாணிலிருந்தோ, தொடையின் பின்புறத்திலிருந்தோ ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய துண்டுக்குள் ரத்தக் குழாய்கள் நுழைந்து, செல்கள் குடியேறி, இழைகள் திசைமாறி அடுக்கப்பட்டு அது ஜவ்வாக மாற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒன்பது மாதம் வரை களமிறங்குவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் கண்டது.

ஆனாலும் ஜவ்வு மட்டும் கிழிந்திருந்தால் ஸ்மித்தின் கதை வேறாக இருந்திருக்கும். அதற்குச் சான்றாக இன்னொருவர் இருக்கிறார். 2003 ஜனவரி 3, அதே ஃபியஸ்டா பௌல், அதே ஒஹாயோ ஸ்டேட் எதிரணி. மயாமி அணியின் வில்லிஸ் மெக்கேஹிக்கு ஒரே மோதலில் மூன்று ஜவ்வுகள் கிழிந்தன. அப்படியிருந்தும் பஃபலோ பில்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே 23ஆவது ஆளாக எடுத்தது. ஓராண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, 2004 பருவத்தில் பந்தோடு ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடிக் காட்டினார். மூன்று ஜவ்வு போனவர் முதல் சுற்றில். இரண்டு ஜவ்வு போன ஸ்மித் இரண்டாம் சுற்றில். இடையில் நிற்பது ஒரு நரம்பு.

முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, எலும்பைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில் போகிறது பெரோனியல் நரம்பு. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் பாதம் மரத்துப்போவது பல சமயம் இது நசுங்குவதால்தான். பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கும் தசைகளுக்கு இதுதான் உத்தரவு கொண்டுபோகிறது. இது வேலை செய்யாவிட்டால் பாதம் தொங்கும். நடக்கும்போது விரல்கள் தரையில் உரசும். முழங்காலின் வெளிப்புற ஜவ்வு கிழியும்போது மூட்டு அந்தப் பக்கமாகப் பிளக்கிறது. எலும்பைச் சுற்றிக் கட்டுண்டு கிடக்கும் நரம்பு விலகி ஓட இடமின்றி இழுபடுகிறது. 1973இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயலின் கால் நரம்பை மெல்ல இழுத்துப் பார்த்தார்கள். நீளம் 8 சதவீதம் கூடியதுமே அதற்குள் ரத்த ஓட்டம் தடைப்படத் தொடங்கியது. 15 சதவீதத்தில் நின்றேபோனது. ஸ்மித்துக்கு இழுபட்டது இந்த நரம்புதான்.

அடிபட்ட நரம்பு என்ன செய்யும் என்பதை முதலில் கண்டவர் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1850இல் தவளை நாக்கின் நரம்பை வெட்டிவிட்டு நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் உள்ள இழை முழுவதும் சிதைந்து போயிற்று. அந்தச் சிதைவுக்குப் பின்னால் நடப்பதுதான் அதிசயம். நரம்பைச் சுற்றியிருக்கும் துணைச் செல்கள் சிதைந்த மிச்சத்தை அகற்றுகின்றன. பிறகு வரிசையாக நின்று, புது இழை போகவேண்டிய பாதையைத் தாங்களே அமைத்துத் தருகின்றன. அந்தப் பாதையில் இழை முன்னேறும் வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். பணம், மருத்துவர், மன உறுதி எது இருந்தாலும் இந்த வேகம் பெரிதாக மாறாது. மறுமுனையில் தசையும் வெகுகாலம் காத்திருக்காது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் தசை மெலிந்து, கொழுப்பும் நாருமாகி, பிறகு நரம்பு வந்தும் பயனில்லாமல் போகலாம்.

ஜனவரி 1இலிருந்து டிராஃப்டின் இரண்டாம் சுற்று வரை ஏறக்குறைய 120 நாள். முதல் நாளிலேயே வளரத் தொடங்கியதாக வைத்துக்கொண்டாலும் 12 சென்டிமீட்டர். பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸில் அணிகளின் மருத்துவர்கள் ஸ்மித்தின் காலைச் சோதித்தபோது, நரம்பு திரும்புமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. திரும்பக்கூடிய நரம்பும் திரும்பாத நரம்பும் அந்தக் கட்டத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

டல்லாஸ் கவ்பாய்ஸ் அவரை 34ஆவது ஆளாக எடுத்தது. அறுவை சிகிச்சை செய்தவரே அந்த அணியின் மருத்துவர் என்பதால் அவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதே கவ்பாய்ஸ், அதே டிராஃப்டில், 4ஆவது ஆளாக எஸக்கியல் எலியட்டை எடுத்தது. இவர் அதே ஃபியஸ்டா பௌலில் ஒஹாயோ ஸ்டேட்டுக்காக நான்கு முறை பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டவர். ஒரே மைதானம், ஒரே நாள், ஒரே முதலாளி. எலியட்டின் நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 2.5 கோடி டாலர். ஸ்மித்தினுடையது சுமார் 65 லட்சம் டாலர். 2016 பருவம் முழுவதும் ஸ்மித் ஆடவில்லை. 2017இல் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு பட்டையை அணிந்துகொண்டு இறங்கினார். அதற்கும் அடுத்த ஆண்டு பட்டையைக் கழற்றினார். 2019இல் 6.4 கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம் கிடைத்தது. நரம்பு வந்து சேர்ந்துவிட்டது; டிராஃப்டுக்குத் தாமதமாக.

சரி, இப்படி அடிபட வாய்ப்பு எவ்வளவு? கல்லூரிக் காயப் பதிவுகளை வைத்துப் பார்த்தால், ஏ.சி.எல். கிழிவது ஆட்டங்களில் 10,000 முறை களமிறங்கினால் சுமார் 8 தடவை. பயிற்சியில் இதில் பத்தில் ஒரு பங்குதான். அப்படியானால் ஓர் ஆட்டத்தில் 1,250இல் ஒன்று. இவ்வளவு குறைந்த வாய்ப்புக்குப் பயந்து ஓடுவதா என்று கேட்பது இயல்பு. எலியட்டுக்கும் ஸ்மித்துக்கும் இருந்த வித்தியாசம் 1.85 கோடி டாலர். அதை 1,250ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15,000 டாலர். சராசரி நஷ்டம் அவ்வளவுதான்.

சராசரி யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வியை 1738இலேயே எடுத்துக்கொண்டவர் கணித மேதை டேனியல் பெர்னூலி. ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கிப் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கப்பலில் அனுப்பும் ஒரு வணிகர். ஊர் சேர்ந்தால் சரக்கு 10,000 ரூபிள் பெறும். நூறு கப்பலில் ஐந்து மூழ்கும். காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரி நஷ்டமோ 500தான். அப்படியிருக்க, 800 கொடுப்பது மடமையா? கையில் வேறு சொத்தாகக் குறைந்தது 5,043 ரூபிள் உள்ளவர் கொடுக்க வேண்டாம். அதைவிடக் குறைவாக வைத்திருப்பவர் கொடுப்பதே அறிவு என்று பெர்னூலி கணக்குப் போட்டுக் காட்டினார். பல கப்பல் உள்ளவருக்கு ஒன்று மூழ்கினால் சராசரி காப்பாற்றும். ஒற்றைக் கப்பல்காரருக்கு அது மூழ்கினால் சராசரியால் என்ன செய்ய முடியும்? பல்கலைக்கழகத்திடம் அணிக்கு அணி, ஆண்டுக்கு ஆண்டு முழங்கால்கள் உண்டு. இருபது வயது இளைஞருக்கு இருப்பது இரண்டு.

2016 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் எல்.எஸ்.யு. எனும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லெனார்ட் ஃபோர்னெட்டும் தங்கள் பௌல் ஆட்டங்களிலிருந்து ஒதுங்கினார்கள். வசை மழை பொழிந்தது. டிராஃப்டில் ஒருவர் 8ஆவது, மற்றவர் 4ஆவது ஆள். அதே மாதக் கடைசியில் ஆரஞ்ச் பௌலில் இறங்கிய மிச்சிகனின் ஜேக் பட்டுக்கு ஏ.சி.எல். கிழிந்தது; ஐந்தாம் சுற்றில் 145ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அதன் பின் ஒதுங்குவது வழக்கமாகிவிட்டது. 2023 டிசம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் இருபதுக்கு மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஆரஞ்ச் பௌலில் இறங்கி, ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது.

ஒதுங்கியவர்களைக் குறைசொன்னவர்களில் எலியட்டும் உண்டு. நானாக இருந்தால் தோழர்களோடு இன்னொரு முறை ஆட எதையும் கொடுப்பேன் என்ற பொருளில் எழுதினார். வியப்பு என்னவென்றால், ஸ்மித்தும் மறுபடி அந்த நாள் வந்தால் ஆடுவேன் என்றே சொன்னார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வியர்வை சிந்தியவர்களோடு கடைசியாக ஒருமுறை களத்தில் நிற்பதற்கு டாலரில் விலை போட முடியாது. அந்த ஆசையோடு ஒருவர் தெரிந்தே இறங்கினால் அது அவர் உரிமை. இறங்கு என்று அவரை நெருக்க மற்றவர்களுக்கு உரிமை உண்டா என்பதுதான் விஷயம். ஸ்மித் அடிபட்ட அன்று நோட்டர் டேம் பயிற்சியாளராக இருந்த பிரையன் கெல்லி, 2021 நவம்பர் இறுதியில், அணிக்கு இன்னும் ஒரு பௌல் ஆட்டம் பாக்கியிருக்கும்போதே எல்.எஸ்.யு.வுக்குப் போனார். பத்தாண்டுக்கு 9.5 கோடி டாலர் ஒப்பந்தம். பயிற்சியாளருக்கு இருக்கும் உரிமை வீரருக்கும் இருக்கத்தான் வேண்டும்.

ஸ்மித் ஆடிய காலத்தில் கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது, உதவித்தொகையோடு சரி. காப்பீட்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மொத்தமாக ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. நான் மேலே போட்ட 15,000 டாலர் கணக்கை, மற்றக் காயங்களையும் சேர்த்துப் பத்து மடங்காக்கினாலும் ஒரு நட்சத்திர வீரருக்கு ஒன்றரை லட்சம்தான் ஆகிறது. கடைசி ஆட்டம் அவ்வளவு முக்கியம் என்று நினைக்கும் பல்கலைக்கழகம், டிராஃப்டில் அவர் சரிந்தால் ஏற்படும் முழு இழப்பையும் ஈடுகட்டும் காப்பீட்டைத் தன் செலவில் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை, ஆடமாட்டேன் என்று சொல்லும் இளைஞர் சரியாகவே முடிவெடுக்கிறார்.